ஃப்ளோட் மையம் தொடங்க ஆசை: தொட்டிக்கு முன்பணம் கட்டலாமா?

கடிதம் எழுதியவர் சென்னையைச் சேர்ந்த பெண், வயது 39. ஓஎம்ஆரில் ஐடி வேலையில் இருந்துவிட்டுப் போன வருடம் விலகியவர். ஆன்சைட் வேலையாக அமெரிக்காவில் இருந்தபோது முதுகுவலியும் தூக்கமின்மையும் சேர்ந்து படுத்த, தோழி ஒருத்தி சொல்லி ஃப்ளோட் மையத்துக்குப் போயிருக்கிறார். தோலின் சூட்டிலேயே இருக்கும் அடர்த்தியான உப்புத் தண்ணீர், இருட்டு, சத்தமே இல்லாத அறை, ஒரு மணி நேரம் அப்படியே மிதப்பது. "அன்றைக்கு ராத்திரி, ரொம்ப நாளைக்கு அப்புறம் விடியும்வரை தூங்கினேன்" என்கிறார். இப்போது அதையே இங்கே தொழிலாகச் செய்ய விரும்புகிறார்.

இரண்டு தொட்டிகளோடு ஆரம்பிக்கத் திட்டம். திருவான்மியூரில் ஒரு பழைய தனி வீட்டின் முதல் மாடி பிடித்துப்போயிருக்கிறது. கீழே வீட்டு ஓனரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். 11 மாத அக்ரிமென்ட், வீட்டு ஈபி இணைப்பு. அது அமையாவிட்டால் மடிப்பாக்கத்தில் பாதி வாடகைக்கு ஒரு தரைத்தளக் கடை. சித்தப்பா மகன் 10 லட்சம் போடுகிறேன் என்கிறார், "நமக்குள்ள எதுக்குக்கா பேப்பரெல்லாம்" என்றும் சொல்லியிருக்கிறார். தொட்டி விற்கும் வெளிநாட்டு நிறுவனம் இந்த மாதக் கடைசிக்குள் பாதிப் பணம் கேட்கிறது. மசாஜ் கிடையாது என்பதால் லைசென்ஸ் வேண்டாம் என்று யாரோ சொன்னார்களாம், அது சரியா? வருகிறவர்களிடம் "என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்று கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா? பாதுகாப்புக்கு அறைக்குள் கேமரா வைக்கலாமா? முன்பணம் கட்டிவிடலாமா? இவைதான் கேள்விகள். இன்ஸ்டாகிராமுக்காக எழுதிய விளம்பர வாசகத்தையும் இணைத்திருந்தார்.

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதம் கட்ட வேண்டாம். தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொட்டி, இடம், லைசென்ஸ், விளம்பரம் என்ற வரிசையில் நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். அதைத் தலைகீழாக்க வேண்டும். தொட்டிதான் கடைசி.

நீங்கள் செய்யப்போவது நேற்று வந்த மோகம் இல்லை. வெளியிலிருந்து ஒளியோ ஒலியோ வராமல் நிறுத்திவிட்டால் மூளை என்ன செய்யும் என்று பார்ப்பதற்காக ஜான் லில்லி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1954-ல் முதல் தொட்டியை அமைத்தார். 1970-களில் கிளென் பெர்ரி அதை வீட்டிலும் கடையிலும் வைக்கிற மாதிரி செய்து விற்றார். மையங்கள் பெருகின. 1980-களில் எய்ட்ஸ் பயம் வந்தபோது, அந்த நோய் இப்படித் தண்ணீர் வழியாகப் பரவாது என்றாலும், இன்னொருவர் படுத்த தண்ணீரில் நான் படுப்பதா என்ற தயக்கத்திலேயே பல மையங்கள் மூடப்பட்டன. தண்ணீரின் மேல் நம்பிக்கை போனால் இந்தத் தொழிலில் எதுவும் மிஞ்சாது, அதனால் தண்ணீர் பற்றிப் பின்னால் தனியாகவே சொல்கிறேன்.

மாடியா, தரைத்தளமா

கணக்கு போட்டுப் பார்ப்போம். சாதாரணமாக ஒரு தொட்டி 2.4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 25 சென்டிமீட்டர் உயரம்தான், அதாவது முழங்காலுக்கும் கீழே. ஆனால் அதில் ஏறக்குறைய அரை டன் எப்சம் உப்பு கரைந்திருக்கிறது, மருந்துக்கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே மக்னீசியம் சல்பேட். உப்பும் தண்ணீரும் மட்டுமே 1,100 கிலோவைத் தாண்டும். தொட்டியின் எடை, உள்ளே படுக்கும் ஆள், பம்ப், ஃபில்டர் எல்லாம் சேர்த்தால் 1,400 கிலோவுக்குக் குறையாது. இத்தனையும் நிற்பது 3.6 சதுர மீட்டரில். அதாவது சதுர மீட்டருக்கு 390 கிலோ, அதுவும் வருடம் முழுக்க இறங்காத சுமை. குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நீங்கள் வைக்கப்போவது இரண்டு தொட்டிகள். கீழே வயதான தம்பதி தூங்குகிறார்கள்.

"சின்டெக்ஸ் டேங்க் வைக்கிற மாடிதானே" என்று ஓனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் டேங்க்கைப் பெரும்பாலும் பீம், தூண் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் வைப்பார்கள், ஹாலின் நடுவில் வைப்பதில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நேரில் அழைத்து, ஸ்லாப் தாங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பழைய வீடு, கடல் காற்று அடிக்கும் பகுதி, உள்ளே கம்பி எந்த நிலையில் இருக்கிறதோ.

உப்பைப் பற்றியும் ஒன்று. மக்னீசியம் சல்பேட் சிமென்டை அரிக்கும். தொட்டியிலிருந்து எழுந்து ஷவருக்குப் போகும் நாலடி தூரத்தில் சொட்டுகிற தண்ணீர் டைல்ஸ் இடுக்கில் இறங்கிக் காய்ந்து வெள்ளையாகப் பூக்கும், கதவுக் கீல் இறுகும், பிளக் பாயின்ட் ஓரத்தில் படிகம் கட்டும். வாட்டர்ப்ரூஃபிங் சரியாக இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் கீழ்வீட்டு சீலிங்கில் தெரியும், அப்புறம் அட்வான்ஸ் பணமும் போகும், நோட்டீசும் வரும்.

அப்படியானால் மடிப்பாக்கம் தரைத்தளமா? எடைப் பிரச்சினை அங்கே குறையும். ஆனால் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் அரை டன் உப்பு, பம்ப், ஹீட்டர் எல்லாமே குப்பை. பக்கத்துக் கடைக்காரரிடம் 2023-ல் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று சுவரில் காட்டச் சொல்லுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் தொட்டியைக் காலிசெய்யும் நாளில் அந்த உப்புக் கரைசலை மழைநீர் வடிகாலிலோ கிணற்றுப் பக்கமோ விட முடியாது. என்னைக் கேட்டால், கொஞ்சம் மேடான தெருவில் படியேறிப் போகிற தரைத்தளமாக மூன்றாவதாக ஒரு இடம் தேடுங்கள். தேடும்போது மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். காதை அடைத்துக்கொண்டாலும் அதிர்வு தரை வழியாகத் தண்ணீருக்குள் வந்துவிடும், அமைதியை விற்கும் கடைக்கு அது ஆகாது.

எந்த இடமானாலும் 11 மாத அக்ரிமென்டில் இவ்வளவு பணத்தை இறக்காதீர்கள். பன்னிரண்டாவது மாதம் ஓனர் மனம் மாறினால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள்? குறைந்தது ஐந்து வருடக் குத்தகை வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும், அது தவிர 2019 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் பதிவு வேண்டும். இடையில் ஓனர் காலிசெய்யச் சொல்லக் கூடாத காலம், வாட்டர்ப்ரூஃபிங் யார் செலவு, காலிசெய்யும்போது எந்தெந்தச் சேதம் உங்கள் தலையில், வணிக ஈபி இணைப்புக்கு ஓனர் கையெழுத்துப் போடுவாரா, இந்த நான்கும் பத்திரத்தில் இருக்கட்டும். வீட்டு இணைப்பிலேயே கடை நடத்தினால் மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி அந்தக் காலத்துக்கெல்லாம் இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள்.

விளம்பரத்தில் நீங்கள் எழுதியிருப்பது

"தூக்கமின்மை, பிபி, மூட்டுவலி, டிப்ரஷன்: மருந்தில்லாமல் 10 செஷனில் நிரந்தரத் தீர்வு!" இது உங்கள் வரி. கடிதம் முழுவதிலும் என்னைக் கவலைப்பட வைத்தது எடைக் கணக்கைவிட இதுதான்.

உங்களுக்கு அன்று தூக்கம் வந்தது உண்மை. ஆராய்ச்சியும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் டல்சாவில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழுவினர் பதற்றம், மனச்சோர்வு உள்ள 50 பேரை ஒரு மணி நேரம் மிதக்கவைத்துப் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள், பதற்றம் கணிசமாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அது ஒரே ஒரு செஷன், உடனடி விளைவு மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க மிதக்காத இன்னொரு குழு கிடையாது. அதிலிருந்து நிரந்தரத் தீர்வுக்கு எப்படிப் போவது? தோல் வழியாக மக்னீசியம் உடம்பில் ஏறி வலியைக் குறைக்கும் என்று தொட்டி விற்பவர்கள் சொல்வதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது.

சட்டமும் இதில் கறார்தான். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954-லிருந்து இருக்கிறது. அதன் அட்டவணையில் 54 நோய்கள். ரத்த அழுத்தம், வாதம், நரம்பு மண்டலக் கோளாறு, உடல் பருமன் எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றவழக்கு வரை போகலாம். அது போக, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றும் புகார் வரும். "சிகிச்சை" என்று போர்டு வைத்தாலே, அப்படியானால் மருத்துவ நிறுவனப் பதிவு எங்கே, மருத்துவர் யார் என்று சுகாதாரத் துறை கேட்கும். அந்தக் கேள்வியை நீங்களே வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டத்தைவிடப் பெரிய விஷயம், டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் "மருந்தில்லாமல்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு உங்களிடம் வருவார். அவருக்கு ஏதாவது ஆனால் அதை எந்த நீதிமன்றமும் சரிசெய்ய முடியாது. தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். "ஒரு மணி நேரம் இருட்டில், சத்தமில்லாமல், உடம்பின் பாரம் தெரியாமல் மிதந்திருங்கள். இது ஓய்வுக்கானது, மருத்துவத்துக்கு மாற்று அல்ல. நீங்கள் எடுக்கும் மருந்துகளை நிறுத்த வேண்டாம்." இப்படிப் போடுங்கள். இதற்கும் ஆட்கள் வருவார்கள். இந்த ஊரில் ஓய்வுக்கு ஏங்குபவர்கள் குறைவில்லை.

லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். மசாஜ் இல்லாவிட்டாலும் வணிகம் என்றால் மாநகராட்சி தொழில் உரிமம் வேண்டும். உங்கள் மண்டல அலுவலகத்தில், அங்கே என்ன நடக்கும், மசாஜ் கிடையாது என்று விவரித்து, எந்த வகையில் உரிமம் தருவீர்கள் என எழுத்தில் கேளுங்கள். ஸ்பா வகையில் போட்டால் கூடுதல் நிபந்தனைகள் வரும், பரவாயில்லை, அதற்கேற்ப அறையை அமைக்கலாம். குடியிருப்பாக அனுமதி வாங்கிய கட்டடத்தில் கடை நடத்த முடியுமா என்பதையும் அதே கையோடு விசாரியுங்கள். கடைகள் நிறுவனங்கள் சட்டப் பதிவு, தமிழில் பெயர்ப்பலகை இவை வழக்கமானவை, உங்கள் ஆடிட்டரே பார்த்துக்கொள்வார்.

கையெழுத்தும் கேமராவும்

"சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" படிவம் உங்களைக் காப்பாற்றாது. வாடிக்கையாளர் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும், உங்கள் பக்கம் கவனக்குறைவு இருந்தால் சேவைக் குறைபாடு சேவைக் குறைபாடுதான், உயிரே போனால், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைப் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 106-ஆவது பிரிவு வரை போகும். படிவம் வேண்டும், ஆனால் அது வேறு வேலைக்கு: யாரை உள்ளே விடக் கூடாது என்று கண்டுபிடிக்க. வலிப்பு நோய், திறந்த காயம், தோல் தொற்று, வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கோளாறு, குறை ரத்த அழுத்தம், கர்ப்பம், மனப்பிறழ்வு நோய், அன்றைக்கு மது அல்லது தூக்க மாத்திரை எடுத்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் "இன்றைக்கு முடியாது" என்றோ "டாக்டர் கடிதம் கொண்டு வாங்க" என்றோ சொல்லும் தைரியம் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு இருக்க வேண்டும், அவர் அப்படித் திருப்பி அனுப்பினால் நீங்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும். கேள்விகளை ஒரு மருத்துவரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு எடுங்கள், பிரீமியத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

தண்ணீருக்கு வருகிறேன். இவ்வளவு உப்பில் கிருமி உயிரோடு இருக்காது என்று விற்பனையாளர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். உப்பு பல கிருமிகளை வளரவிடாது என்பது சரி, எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பது சரியில்லை. ஒருவர் எழுந்துபோனதும் முழுத் தண்ணீரும் மூன்று நான்கு முறை ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும், கூடவே புற ஊதா விளக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றும் வேண்டும். உரக்கடை உப்பு மலிவு என்று அதை வாங்காதீர்கள், மருந்துத் தரம்தான் வேண்டும். வெப்பநிலை (34 முதல் 35 டிகிரிக்குள்), பெராக்சைடு அளவு, ஃபில்டர் ஓடிய நேரம், இவற்றை ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு நோட்டில் எழுதி, பார்த்தவர் கையெழுத்துப் போடட்டும். மாதம் ஒருமுறை லேபில் தண்ணீரைக் கொடுத்துச் சோதியுங்கள். நாளைக்கு யாராவது "அங்கே போய்த்தான் எனக்குத் தோல் நோய் வந்தது" என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், ஆயிரம் படிவங்களைவிட அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும். மின்கசிவு ஏற்பட்டால் அந்த நொடியே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாக இருக்கட்டும். இதில் மட்டும் காசு பார்க்கவே கூடாது.

கேமரா அறைக்குள் கூடவே கூடாது. உடையில்லாமல் மிதக்கும் இடம் அது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் ஸ்பாக்களில் கேமரா வைக்க உத்தரவு வந்தது, அதைத்தான் யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று தீர்ப்பளித்தார். வாசல், ரிசப்ஷன், நடைபாதை வரை கேமரா இருக்கலாம், அங்கே இருக்கிறது என்று போர்டும் வையுங்கள். அதைத் தாண்டி உள்ளே வைத்தால், பாதுகாப்புக்காகத்தான் வைத்தேன் என்று நீங்கள் சொன்னாலும், பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் உங்கள் மேல் பாயலாம். பாதுகாப்புக்குத் தொட்டிக்குள் கைக்கெட்டும் இடத்தில் அழைப்பு பட்டன், உள்ளிருந்து லேசாகத் தள்ளினால் திறக்கும் மூடி, வெளியிலிருந்து அவசரத்துக்குத் திறக்கக்கூடிய பூட்டு, செஷன் முடியும்வரை அந்தத் தளத்தைவிட்டு நகராத ஊழியர். இதற்கு மேல் தேவையில்லை.

பணம், தம்பி, விற்பனையாளர்

உங்கள் வரவுக் கணக்கில் ஒரு தொட்டிக்கு நாளைக்கு 12 செஷன் போட்டிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் மிதப்பது, முன்னும் பின்னும் குளியல், அப்புறம் ஃபில்டர் ஓட்டம், அறையைத் துடைப்பது என்று ஒருவருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். காலை 8 முதல் இரவு 9 வரை திறந்திருந்தாலும் ஏழுதான் வரும், அதுவும் எல்லா நேரமும் ஆள் இருந்தால். ஏழில் பாதி என்று வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள், அதிலும் வாடகையும் சம்பளமும் கட்ட முடிகிறதா பாருங்கள். ஜிஎஸ்டியில் 2025 செப்டம்பர் 22 முதல் உடல்நலப் பராமரிப்பு, அழகு நிலைய வகைச் சேவைகளுக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதாவது தொட்டி இறக்குமதியில் நீங்கள் கட்டும் வரி முழுக்க உங்கள் செலவுதான். உங்கள் தாளில் அதை வரவாகக் காட்டியிருக்கிறீர்கள், அடித்துவிடுங்கள்.

தம்பியின் பணத்தை பேப்பர் இல்லாமல் வாங்காதீர்கள். அது கடனா, பங்கா? கடன் என்றால் எப்போது, எவ்வளவு வட்டியோடு? பங்கு என்றால், நஷ்டத்திலும் பங்கா? கூட்டாளி நிறுவனத்தைப் பதிவு செய்யாவிட்டால் நாளைக்கு நீங்களோ அவரோ ஒப்பந்த உரிமையைக் கேட்டு வழக்குப் போடவே முடியாது, கடன்காரர்கள் உங்கள் வீடு வரை வரலாம். எல்எல்பியாக, அதாவது கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள நிறுவனமாகப் போட்டால் பொதுவாக அந்த ஆபத்து போட்ட பணத்தோடு நிற்கும். சித்தப்பா குடும்பத்தோடு உறவு கெடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன் என்று அவரிடம் நேராகவே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

இனி விற்பனையாளர். ஏதாவது பிரச்சினை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். வணிகத்துக்காக வாங்குபவரை அந்தச் சட்டம் நுகர்வோராகப் பார்ப்பதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கினேன் என்று காட்டினால் விலக்கு உண்டு, ஆனால் கூட்டாளி, ஊழியர்கள், இரண்டு தொட்டிகள் என்று வந்தபின் அதை நிரூபிப்பது கஷ்டம். அதனால் உங்கள் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அவர்கள் அனுப்பிய நகலில் தகராறு வந்தால் அவர்கள் நாட்டு நீதிமன்றம் என்று இருக்கிறது, சென்னையில் நடுவர் தீர்ப்பு என்று மாற்றக் கேளுங்கள். முன்பணம் பாதி வேண்டாம், ஐந்தில் ஒரு பங்கு போதும், மீதி தொட்டி இங்கே வந்து ஓட்டிப் பார்த்தபின். பம்ப், ஹீட்டர், கண்ட்ரோல் போர்டு ஆகியவற்றுக்கு இந்தியாவில் யார் சர்வீஸ் செய்வார்கள், உதிரி பாகம் எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். மாதக் கடைசி தாண்டினால் விலை ஏறும் என்றால் ஏறட்டும். குத்தகைப் பத்திரம் பதிவாகி, இன்ஜினியர் கடிதமும் மாநகராட்சியின் பதிலும் கையில் வந்தபின், அந்த மூன்றோடு ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அப்புறம் பணத்தை அனுப்புங்கள்.